பத்மநாபபுரம் அரண்மனைக்கு மாமியாரைக் கூட்டிக்கொண்டு போங்கள்

நாகர்கோவில்காரர்களில் பாதிப் பேர் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தது பள்ளிக்கூட டூரில்தான். அப்புறம் வெளியூர் விருந்தாளி யாராவது வந்தால் கூட்டிக்கொண்டு போய், கட்டிலைக் காட்டி, கடிகாரத்தைக் காட்டி, வேகவேகமாக வெளியே வந்துவிடுவோம். இந்தத் தடவை வீட்டுக்காரர், பையன், மகள், எழுபது தாண்டிய மாமி என்று குடும்பமாகப் போனோம். மாமி கூட வந்ததில் வேறு அரண்மனையைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

தக்கலையிலிருந்து ரெண்டு கிலோமீட்டர். திங்கட்கிழமை விடுமுறை, மதியம் இடைவேளையும் உண்டு. அதனால் காலையிலேயே போய்விடுங்கள். 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும், திருவிதாங்கூர் ராஜாக்களின் இந்த அரண்மனை கேரளத் தொல்லியல் துறை கையில்தான் இருக்கிறது. அங்கங்கே நிற்கும் வழிகாட்டிகள் தமிழும் மலையாளமும் கலந்து சொல்கிறார்கள், நமக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: கூட்டமாக நுழைந்தால் ஒப்பிப்பதை ஒப்பித்து அடுத்த அறைக்கு அனுப்பிவிடுவார்கள். முன்னால் போகிற கும்பலை விட்டுவிட்டுப் பைய நடந்து, ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கே பேச ஆசைதான்.

வாசல் மண்டபமான பூமுகத்தின் மரக்கூரைச் செதுக்கல், குதிரை விளக்கு, மேலே ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் ஜன்னல்களில் நிறநிறமாக மைக்கா, எல்லாம் அழகு. அதைப் பற்றி எழுதாதவர்கள் கிடையாது, நான் தாண்டிப் போகிறேன்.

எங்களுக்கு நேரம் போனது ஊட்டுப்புரை என்கிற சாப்பாட்டுக் கூடத்தில். கீழே ஆயிரம், மேலே ஆயிரம் என்று ஒரே நேரத்தில் ரெண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற நீளம். அங்கே ஊறுகாய் போட்டுவைத்த பெரிய பரணிகள் இருக்கின்றன. மாமி அதன் பக்கத்தில் போய் நின்றவர்தான், நகரவே இல்லை. "இது மாங்கா உப்புல போடுத பரணிலா? எங்க வீட்டுல இதுல பாதி அளவு இருந்து. வாயில எண்ணெத்துணி போட்டு இறுக்கிக் கெட்டணும். காத்து கேறிச்சுன்னா பூத்துப் போயிரும்" என்றார். பக்கத்தில் நின்ற ஒரு கோயம்புத்தூர்க் குடும்பமும் வழிகாட்டியை விட்டுவிட்டு மாமியிடம் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டது.

பையனுக்கு வேறு கவலை. "ரெண்டாயிரம் பேருக்கு யாரு பாட்டி பாத்திரம் கழுவுவா?"

"வாழ எலையில தின்னா கழுவதுக்கு என்னடே இருக்கு? எலைய மாட்டுக்குப் போட்டா தீந்துது."

பழைய வீட்டுச் சாமான்கள் வைத்திருக்கிற தெற்குக் கொட்டாரத்துக்கும் (கொட்டாரம் என்றால் அரண்மனை) நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலும் கால் வலித்துப்போன நேரத்தில்தான் அங்கே போவோம், எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். வீட்டில் பத்தாயமும் உரலும் புழங்கின ஆள் யாராவது கூட இருந்தால், அங்கே போர்டு படிக்கத் தேவையே இல்லை.

மகளுக்குப் பிடித்தது தரை. நவராத்திரி மண்டபத்தில் கறுப்பாக, முகம் தெரிகிற பளபளப்பு. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்று சொல்வார்கள். குப்புறப் படுத்து முகம் பார்க்கப் போனவளைத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவதால் அந்தக் குளிர்ச்சி நேராகக் காலில் தெரியும். ராஜ குடும்பத்துப் பெண்கள் உள்ளே இருந்தபடி நடனம் பார்த்த மர அழித் தடுப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. "அப்போ அவங்கள யாரும் பாக்க முடியாதா?" என்று மகள் கேட்டாள். முடியாதுதான்.

1601-ஐ ஒட்டிக் கட்ட ஆரம்பித்து, பின்னால் மார்த்தாண்ட வர்மா எடுத்துக் கட்டின அரண்மனை இது. 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனதோடு கதை முடிந்தது என்று நினைத்தால், புரட்டாசியில் வந்து பாருங்கள். நவராத்திரிக்கு முன்னால் உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாள், சாமி ஊர்வலத்தோடு போவதற்காகக் கைமாறும். அரண்மனைத் தேவாரக்கெட்டுக் கோயில் சரஸ்வதி யானை மேலும், வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் பல்லக்கிலும் குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் போவார்கள். வழி நெடுக வீட்டு வாசலில் விளக்கேற்றி வைத்திருப்பார்கள். மாமி சின்னப் பிள்ளையில் அவர் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்ததை உப்பரிகைக்குக் கீழே நின்று சொன்னார். 64 வகை மருந்து மரத்தில் செய்த கட்டில் மேலே இருக்கிறது என்று நான் இழுத்தும் வரவில்லை. "கட்டிலு நீ பாத்துட்டு வா மக்ளே, நான் இங்கன இருக்கேன்."

வராததும் நல்லதுதான். படிகள் குறுகல், செங்குத்து, சில இடங்களில் தலை இடிக்கும். மூட்டு வலி உள்ளவர்கள் பூமுகம், ஊட்டுப்புரையின் கீழ்த்தளம், தாய்க் கொட்டாரம், நவராத்திரி மண்டபம் ஆகியவற்றைப் பார்த்தாலே போதும். தாய்க் கொட்டாரத்தில் ஒரே பலாத்தடியில் செதுக்கின தூணைத் தவறவிடக் கூடாது.

சாப்பாட்டு விஷயத்தில்தான் கோட்டை விட்டோம். மெயின் ரோட்டில் கூட்டத்தைப் பார்த்து நம்பி நுழைந்த கடையில் அவியல் ஆறிப்போய், பருப்பில் உப்பில்லாமல் வந்தது. ரெண்டாயிரம் பேருக்குப் போட்ட இடத்தைப் பார்த்துவிட்டு வந்த மாமி இலையை மூடிவிட்டு, போகிற வழியில் மட்டிப்பழம் வாங்கச் சொன்னார். நீங்கள் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போய்விடுங்கள். பக்கத்துப் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது, மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம். 1741 குளச்சல் போருக்குப் பின் மார்த்தாண்ட வர்மாவிடம் சேர்ந்து படையை நடத்திய டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயின் கல்லறையும் அங்கே உண்டு. அரண்மனையில் "தொடாதே, ஓடாதே" என்று கேட்டுக் கேட்டு அலுத்த பிள்ளைகள் அங்கே ஓடித் தீர்த்துக்கொள்ளட்டும்.