சென்னை – நியூயார்க்: லண்டன் வழியா, அபுதாபி வழியா?

அப்பா அம்மாவை நியூயார்க்குக்கு வரவழைக்க டிக்கெட் தேடியபோது நான் முதலில் பார்த்தது தூரத்தைத்தான். பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் சென்னையிலிருந்து சுமார் 13,500 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. லண்டன் வழியாக 8,200, பிறகு 5,500; அபுதாபி வழியாக 3,000, பிறகு 11,000. கூட்டினால் இரண்டுக்கும் சில நூறு கிலோமீட்டர்தான் வித்தியாசம். பறக்கும் நேரமும் இரு வழியிலும் 19 மணி நேரத்தை ஒட்டியே வருகிறது. கட்டணம் வாரத்துக்கு வாரம் மாறுவதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

லண்டனுக்கு ஒரு நியாயம் உண்டு. 11 மணி நேரம், 8 மணி நேரம் என்று பயணம் ஓரளவு சரிபாதியாகப் பிரிகிறது. அபுதாபியில் நாலரை மணி நேரத்தில் இறங்கி, பிறகு 14 மணி நேரம் ஒரே இருக்கையில் அடைந்து கிடக்க வேண்டும். மூட்டு வலிக்காரர்களுக்கு அது சாதாரணமல்ல.

ஆனாலும் அபுதாபியைத்தான் எடுத்தேன். காரணம், அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடுகிறது. அமெரிக்க அதிகாரிகள் 2014 முதல் அந்த விமான நிலையத்திலேயே அமர்ந்து சோதித்து அனுப்புகிறார்கள். நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் இறங்குபவர், உள்நாட்டுப் பயணியைப் போலப் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே வெளியே வரலாம். 19 மணி நேரம் பறந்து களைத்த பிறகு, கால் கடுக்க வரிசையில் நின்று, “எத்தனை நாள் தங்குவீர்கள், மகன் என்ன வேலை செய்கிறார்” என்ற கேள்விகளுக்குப் பழக்கமில்லாத ஆங்கிலத்தில் பதில் சொல்வதை நினைத்துப் பாருங்கள். அதே கேள்விகளை, நாலரை மணி நேரப் பயணத்துக்குப் பின், தெளிந்த தலையோடு எதிர்கொள்வது வேறு. ஏதாவது சிக்கல் என்றாலும் ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது.

சுங்கச் சோதனையும் அங்கேதான். பச்சைக் கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. அதன் வழியே பூச்சி பரவும் என்று அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். அம்மாக்களிடம் இதைப் பெட்டி கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள், கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

இந்த வசதி வேண்டுமென்றால் இணைப்பு விமானத்துக்கு நடுவே குறைந்தது மூன்று மணி நேரமாவது விடுங்கள். அமெரிக்கா செல்லும் விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்பும் வேளையில் அங்கும் வரிசை நீளும். இரண்டு கட்டங்களும் ஒரே டிக்கெட்டில் இருப்பது அவசியம்; தனித்தனியாக வாங்கி முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

லண்டன் வழியில் நான் தனியாகத்தான் போயிருக்கிறேன், வயதானவர்களோடு அல்ல. சக்கர நாற்காலி உதவி அங்கே எப்படி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஊர் திரும்பும்போது அபுதாபியின் இந்த அனுகூலம் எதுவும் கிடையாது. மேற்கிலிருந்து வீசும் காற்று தள்ளிவிடுவதால் நீண்ட கட்டம் ஒரு மணி நேரமாவது குறைகிறது, அவ்வளவுதான். திரும்பும் பயணத்துக்கு மட்டும் லண்டன் மலிவாகக் கிடைத்தால் நானும் யோசிப்பேன்.