மூன்று லட்ச ரூபாய் கேபிளா, எலக்ட்ரிக்கல் கடை வயரா?

2007-இல் அமெரிக்காவின் ‘பேர்’ நிறுவனம் ‘ஆஞ்சூ’ என்றொரு ஸ்பீக்கர் கேபிளை விற்றுக்கொண்டிருந்தது. 12 அடி ஜோடிக்கு 7,250 டாலர். அன்றைய மதிப்பில் மூன்று லட்ச ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. போலிச் சாமியார்களையும் அற்புத வைத்தியர்களையும் தோலுரித்துப் பேர்பெற்ற மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி, இந்தக் கேபிளையும் சாதாரணக் கேபிளையும் எது எதுவென்று தெரியாமல் கேட்டு, காதால் மட்டும் பிரித்துச் சொன்னால் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்தார். ஆடியோ விமர்சகர் மைக்கேல் ஃப்ரெமர் ‘நான் ரெடி’ என்று முன்வந்தார். ஆனால் கேபிளைத் தரவேண்டிய நிறுவனம் கழன்றுகொண்டது. அப்புறம் இரு தரப்பும் மாறி மாறிக் குற்றம் சொல்லிக்கொண்டதோடு சரி, சோதனை நடக்கவே இல்லை.

நடக்காத சோதனையை விடுங்கள், கணக்குப் போட்டே பார்க்கலாம். எலக்ட்ரிக்கல் கடையில் 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் கேளுங்கள், பல இழை போட்ட ஃப்ளெக்ஸிபிள் ரகம். அதன் மின்தடை கிலோமீட்டருக்கு 8 ஓம் அளவில் இருக்கும். ஸ்பீக்கர் ஐந்து மீட்டர் தள்ளி இருந்தால், போக வரப் பத்து மீட்டர், மொத்தம் 0.08 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இதனால் வரும் இழப்பு 0.1 டெசிபலைக்கூடத் தொடாது. ஆஞ்சூவில் மின்தடை பூஜ்யம் என்றே வைத்துக்கொண்டாலும் மிச்சமாவது அந்த 0.1 டெசிபல்தான். அதற்குத்தான் மூன்று லட்சம்.

எந்த வயரும் போதும் என்று இதற்கு அர்த்தமில்லை. வீட்டில் கிடந்த 0.5 ஸ்கொயர் எம்எம் ஒல்லி வயரைப் பத்து மீட்டருக்கு இழுத்து 4 ஓம் ஸ்பீக்கரில் மாட்டினால் ஒன்றரை டெசிபல் போய்விடும். அதைவிட முக்கியம், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது ஒலி சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை, எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருக்காது. ஓரிடத்தில் 4 ஓம், இன்னோரிடத்தில் 20 ஓம் என்று ஏறி இறங்கும். வயரின் தடை கூடினால் பாஸும் ட்ரெபிளும் வெவ்வேறு அளவில் குறைந்து ஒலியின் நிறமே மாறும். இது காதுக்குத் தெரியும். ஆகவே மெல்லிய வயருக்கும் தடித்த வயருக்கும் போட்டி வைத்தால் தடித்தது ஜெயிக்கும். தடித்த வயருக்கும் வெள்ளிப்பூச்சு கேபிளுக்கும் வைத்தால் ஜெயிப்பது கடைக்காரர் மட்டும்தான். (டெனான் ஒருகாலத்தில் ஒன்றரை மீட்டர் டிஜிட்டல் கேபிளை 499 டாலருக்கு விற்றது. பார்க்க நெட்வொர்க் கேபிள் மாதிரியே இருக்கும். சிக்னல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதில் அம்புக்குறி வேறு.)

‘ஆனால் ஷோரூமில் வித்தியாசம் கேட்டதே!’ என்பார்கள். கேட்டிருக்கும். இரண்டு ஒலிகளில் ஒன்று அரை டெசிபல் கூடுதலாக இருந்தால், அது சத்தம் கூடியதாகத் தோன்றாது. தெளிவு கூடியதாக, பாடகர் பக்கத்தில் வந்ததாகத் தோன்றும். அதனால்தான் நியாயமான ஒப்பீட்டில் முதல் வேலை மல்ட்டிமீட்டரை எடுப்பது. 100 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு ஸ்பீக்கர் டெர்மினலில் ஏசி வோல்டேஜ் பார்க்க வேண்டும். ஒன்று 2.83 வோல்ட் காட்டினால் மற்றது 2.80-க்குக் கீழே இறங்கக்கூடாது. இதைச் செய்யாத டெமோவில் எது நன்றாக இருந்தது என்று சொல்வதில் பொருளே இல்லை.

அடுத்த ஜோடி, டாக். டிஜிட்டல் இசையை ஹெட்போனும் ஆம்பும் ஏற்கும் மின் சிக்னலாக மாற்றும் கருவி இது. போனில் ஹெட்போன் மாட்டும் குட்டி டாங்கிளுக்குள்ளும் ஒன்று இருக்கிறது. ஆப்பிளின் யூஎஸ்பி-சி ஹெட்போன் டாங்கிள் ஆயிரம் ரூபாயைச் சுற்றிக் கிடைக்கும் பொருள். அளந்து பார்த்தவர்கள் அதன் இரைச்சலும் டிஸ்டார்ஷனும் காதுக்கு எட்டாத அளவில் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். பிறகு லட்ச ரூபாய் டாக் எதற்கு? கனமான அலுமினியப் பெட்டி, பின்னால் நிறைய சாக்கெட், ரிமோட். இவை வேண்டுமென்றால் வாங்கலாம், தப்பில்லை. ஒலிக்காக என்றால் வேண்டாம். டாங்கிளுக்கு நிஜமான குறை இரண்டு உண்டு: சில ஆண்ட்ராய்டு போன்களில் சத்தம் குறைவாக வரும், உச்சபட்சம் ஒரு வோல்ட் என்பது 300 ஓம் ஹெட்போனை உரக்கக் கேட்பவருக்குப் போதாமல் போகலாம். அதற்கும் சில ஆயிரத்தில் ஒரு குட்டி ஆம்ப் போதும்.

சிடி தரமா, சிடியைவிட நுணுக்கமாகப் பதிவான ஹை-ரெஸ்ஸா என்பதில் நேரடி ஆதாரமே இருக்கிறது. மேயரும் மோரனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஹை-ரெஸ் ஒலியை அப்படியே ஒரு தடவை, சிடி தரத்துக்குக் குறைத்து ஒரு தடவை என்று கேட்கவைத்தார்கள். 554 தடவையில் 276 சரி. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் இதே முடிவுதான். 2016-இல் ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது சரியான பதில் 52.3 சதவீதம் வந்தது. ஹை-ரெஸ் ஆதரவாளர்கள் இதைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும். நூறில் இரண்டு மூன்று தடவை கூடுதலாகச் சரியாகச் சொல்வதை ‘திரை விலகியது போல’ என்று விளம்பரத்தில் எழுதலாமா?

இசைத்தட்டுக்காரர்களின் கதை இதைவிட சுவாரசியம். மொபைல் ஃபிடலிட்டி நிறுவனத்தின் ‘ஒன்-ஸ்டெப்’ தட்டுகள் ஒவ்வொன்றும் நூறு டாலருக்கு மேல். மூல டேப்பை ஓடவிட்டு நேராகத் தட்டின் பள்ளமாக வெட்டிய அனலாக் ஒலி, டிஜிட்டல் கலப்பே இல்லை என்று நம்பித்தான் ஆட்கள் வாங்கினார்கள். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தை 40,000 பிரதி போடப்போவதாக அறிவிப்பு வந்ததும் சந்தேகம் கிளம்பியது. அவ்வளவு பிரதிக்கு அந்த மூல டேப்பை எத்தனை முறைதான் ஓடவிடுவார்கள்? 2022-இல் குட்டு உடைந்தது. 2011 முதலே பல தட்டுகளுக்கு டேப்பை டிஜிட்டலாக்கி, அதிலிருந்துதான் வெட்டியிருக்கிறார்கள். விவகாரம் வழக்காகி, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரும் சமரசத்தில் முடிந்தது. டிஜிட்டல் என்றாலே காது கூசும் என்று சொல்லிவந்தவர்கள் பத்து வருடத்துக்கு மேல் அதே தட்டுகளைக் கேட்டுப் புளகாங்கிதம் அடைந்திருக்கிறார்கள். பிடித்துக்கொடுத்தது எந்தக் காதும் அல்ல, பிரதிகளின் எண்ணிக்கை. அந்தத் தட்டுகள் மோசமில்லை, பல அருமையாகவே ஒலிக்கின்றன. அவற்றின் பேரில் கட்டிய கதைதான் பொய்.

பணம் போடத் தகுந்த இடம் ஸ்பீக்கர். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே சில அதிர்வெண்களில் ஐந்து டெசிபல் வித்தியாசம் சர்வசாதாரணம். வயர் கணக்கில் வந்த 0.1-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் இங்கும் விலையை நம்பி இறங்க முடியாது. ஹார்மன் நிறுவனத்தில் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் நாற்பது பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கண்ணால் பார்த்துக் கேட்டபோது பெரிய, விலை கூடிய ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் ஏறியது. பிளாஸ்டிக் பெட்டியில் வந்த மலிவு செட் பின்தங்கியது. திரைக்குப் பின்னால் வைத்ததும் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. இன்னொன்றும் தெரிந்தது: ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தபோது ஒலி மாறியதைத் திரைபோட்டுக் கேட்டவர்கள் நன்றாகவே கவனித்தார்கள், பார்த்துக் கேட்டவர்கள் பெரும்பாலும் கவனிக்கவில்லை.

அதனால் ஒரு லட்சம் கையில் இருந்தால், வயருக்கு ஆயிரம், டாங்கிளுக்கு ஆயிரம், முறையாக அளந்த விவரம் கிடைக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரு நேர்மையான ஆம்புக்கும் பெரும்பகுதி. மிச்சத்தைக் கனமான திரைச்சீலைக்கும் தரைவிரிப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவருமாக இருக்கும் ஹாலில் எதை மாட்டினாலும் எதிரொலிதான் முதலில் கேட்கும்.