காரைக்குடிப் பக்கம் ஸ்ட்ரோலர்: தள்ளுவதைவிடத் தூக்குவதை யோசித்து வாங்குங்கள்

ஸ்ட்ரோலர், அதாவது பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளும் மடக்கு வண்டி, வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது எடையை. பார்க்க வேண்டியதுதான். ஆனால் காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை என்று சுற்றும் குடும்பங்களுக்கு அதைவிட முக்கியமாக ஒன்று இருக்கிறது. இடுப்பில் பிள்ளை, தோளில் பை, மிச்சம் இருப்பது ஒரே ஒரு கை. அந்தக் கையால் வண்டியை மடக்கித் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் நாலு கிலோ வண்டியும் பாரம்தான்.

நாங்கள் வைத்திருப்பது ஆறு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான, பெட்டி அளவுக்கு மடியும் வகை. மூத்தவள் சாயாமல் உட்கார ஆரம்பித்தபோது வாங்கியது. இப்போது சின்னவனும் அதிலிருந்து இறங்கி ஓடும் வயதுக்கு வந்துவிட்டான். காரைக்குடியில் எங்கள் வீடு, கானாடுகாத்தானில் மாமனார் வீடு, சென்னையில் அம்மா வீடு, சிங்கப்பூரில் தம்பி வீடு. நாலு இடத்துக்கும் இதே வண்டிதான் வந்து போகிறது. எந்த நிறுவனம் என்று எழுதவில்லை. ஒரே மாதிரி ஃபிரேம் பல பெயர்களில் விற்கிறது, பெயரைவிட அமைப்பைப் பார்த்து வாங்குவதுதான் உதவும்.

இலகு வகை என்று கடையில் காட்டுவது பெரும்பாலும் இரண்டு. ஒன்று, குடை போல நீளமாக மடிவது. ஓவன் மக்லாரன் என்ற பிரிட்டிஷ் விமானப் பொறியாளர் 1965-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவம் அது. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை பார்த்த மனிதர், அந்த அனுபவத்தில் அலுமினியக் குழாயை வைத்து மூன்று கிலோகூட இல்லாத வண்டியைச் செய்தார். இன்றைக்கும் அந்த வகைதான் விலை குறைவு, ரூ. 5,000-க்குள்ளேயே கிடைக்கும். ஆனால் மடக்கினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வரும். மடக்குவதற்குப் பெரும்பாலும் இரண்டு கையும் ஒரு காலும் வேண்டும். முதுகுப் பக்கம் அதிகம் சாயாது, அதனால் பிள்ளை தூங்கினால் தலை தொங்கும். இன்னொன்று, எங்களுடையது போலச் சுருங்கிச் சிறு பெட்டியாகி விடுவது. கொஞ்சம் எடை கூடும், விலையும் கூடும், பெயர்பெற்ற வெளிநாட்டு வண்டிகள் ரூ. 40,000-ஐத் தாண்டும். அவ்வளவு கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. பாதிக்கும் குறைவான விலையில் நல்ல வண்டி கிடைக்கிறது.

இரண்டில் எதுவானாலும், தானாக உட்காராத கைக்குழந்தைக்கு ஆகாது. முழுவதும் படுக்கையாகச் சாயும் வண்டி என்று தயாரிப்பாளரே எழுதியிருந்தால் தவிர, ஆறு மாதம் வரைக்கும் பொறுத்திருங்கள். ஐந்து முனை பெல்ட் கட்டாயம் இருக்க வேண்டும்: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால் நடுவே ஒன்று. இடுப்புக்கு மட்டும் பெல்ட் உள்ள வண்டியில் எங்கள் சின்னவன் மாதிரி பிள்ளை எழுந்து நின்றுவிடும்.

சரி, இனி வீட்டுக்குள் வருவோம். செட்டிநாட்டுப் பழைய வீடு தெரிந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். தெருவிலிருந்து படியேறினால் முகப்பு, அப்புறம் பெரிய தேக்கு நிலை, அதைத் தாண்டி வளவு (நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம்), பிறகு இரண்டாங்கட்டு, பின்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடியும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலைப்படி. அதில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருப்பார்கள். முன்சக்கரத்தைத் தூக்கி நிலைப்படி மேல் வைத்து ஏற்றுவதுதான் எளிது, ஆனால் அத்தை (என் மாமியார்) முதல் நாளே சொல்லிவிட்டார்: "நிலையில சக்கரத்தை ஏத்தாதே ஆத்தா. பிள்ளையை எடுத்துக்கிட்டு வண்டியைத் தூக்கிட்டு வா." அவர் சொன்னது வழக்கத்துக்காக. பாதுகாப்புக்கும் அதுதான் சரி. பிள்ளையை உட்கார வைத்தபடியே இரண்டு பேர் முன்னும் பின்னும் பிடித்துத் தூக்கும்போது, முன்னால் இருப்பவர் பிள்ளைக்கு எதிரே இருக்கும் குறுக்குக் கம்பியைத்தான் பிடிப்பார். அது கழற்றி மாட்டும் கம்பி, பாரம் தாங்குவதற்கு வைத்ததே கிடையாது. கழன்றால் பிள்ளை முன்பக்கமாகச் சாய்ந்துவிடும்.

ஆகவே இந்த ஊரில் ஒரு நாளில் எத்தனை தடவை வண்டியைத் தள்ளுகிறோமோ அதற்குக் குறையாமல் தூக்குகிறோம். எங்கள் வண்டியில் கைப்பிடியின் நடுவே ஒரு பொத்தான் இருக்கிறது. பக்கத்திலுள்ள சிறு பூட்டைக் கட்டைவிரலால் நகர்த்திக்கொண்டே பொத்தானை அமுக்கினால் வண்டி தானாக உள்வாங்கி மடியும், மடிந்த பிறகும் சாயாமல் நிற்கும். தோளில் மாட்ட ஒரு பட்டையும் உண்டு. கடையில் வாங்கும்போது விற்பனையாளர் மடக்கிக் காட்டுவதை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீங்களே ஒரு கையால் மடக்கி, விரித்து, தோளில் மாட்டி, பத்து அடி நடந்து பாருங்கள். பட்டை மெல்லியதாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

உள்ளே ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். ஒரு விரலால் தள்ளலாம், பிள்ளை தூங்கிவிட்டால் வளவைச் சுற்றித் தாழ்வாரத்தில் தள்ளிக்கொண்டே இருக்கலாம். ஆனால் அந்த வழவழப்பில் பிரேக் போட்ட வண்டியும் நகரும். சக்கரம் சுற்றாது, வண்டி மொத்தமாகச் சறுக்கும். மூத்தவள் தம்பியோடு விளையாடுகிறேன் என்று பின்னாலிருந்து தள்ளியபோதுதான் இதைக் கவனித்தோம். வெறும் பிளாஸ்டிக் சக்கரம் இன்னும் மோசம், மேலே ரப்பர் போன்ற பூச்சு உள்ள சக்கரம் பரவாயில்லை. எப்படியும் வளவு முற்றத்தின் விளிம்புக்கு அருகில் வண்டியை நிறுத்துவதில்லை, சுவரோரமாகத்தான் நிறுத்துவோம்.

தெரு வேறு கதை. நேராக, அகலமாக இருக்கும் தெருக்கள்தான், ஆனால் தார் முடிந்த ஓரமெல்லாம் செம்மண்ணும் பொடிக்கல்லும். இலகு வண்டிகளின் முன்சக்கரம் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். எல்லாப் பக்கமும் திரும்பும் அந்தச் சக்கரம் செம்மண்ணில் குறுக்கே திரும்பிப் புதைந்து நின்றுவிடும், பிள்ளை முன்னால் குலுங்கும். இதற்கு இரண்டு வழி. முன்சக்கரத்தை நேராகப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டிவிடுங்கள். அது போதாத இடத்தில் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போங்கள். பெரிய பின்சக்கரங்கள் முதலில் ஏறும், முன்சக்கரத்தில் பாரம் குறையும். சின்ன மேடு பள்ளங்களை இப்படித் தாண்டிவிடலாம்.

அந்தச் செம்மண் சக்கரத்தின் அச்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் கிறீச் என்று சத்தம், அப்புறம் சக்கரம் இறுகும். ஒருமுறை முன்சக்கரம் ஒன்று சுற்றவே மறுத்தது. கழற்றிப் பார்த்தால் அச்சில் பூச்சரத்தின் வாழைநாரும் தலைமுடியும் கயிறாக முறுக்கிக் கிடந்தன, நடுவில் செம்மண் இறுகிச் சாந்தாகியிருந்தது. கத்தரிக்கோல் முனையால் நாரை வெட்டி எடுத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்ததும் சரியானது. சத்தத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், எண்ணெயில் மண் இன்னும் அதிகமாக ஒட்டும். சிலிகோன் ஸ்பிரே கொஞ்சம் அடித்தால் போதும், ஒட்டாது. சக்கரத்தைக் கழற்ற முடிகிற வண்டியாகப் பார்த்து வாங்குவது இதற்காகவும்தான். வீட்டுக்குள் நுழையும்போது சக்கரத்தைத் துடைக்க அத்தை முகப்பிலேயே ஒரு பழைய வேட்டித் துண்டு வைத்திருக்கிறார்.

பிரேக்கைப் பற்றி ஒரு விஷயம், யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. நாம் செருப்புப் போட்டு நடக்கிறவர்கள். சில வண்டிகளில் பிரேக் போட மிதிக்க வேண்டும், எடுக்கக் கால்விரலால் மேலே நெம்ப வேண்டும். ஷூ போடும் ஊருக்கு அது சரி. வெறுங்காலிலும் செருப்பிலும் நெம்பினால் விரல் நகம் போகும். மிதித்தால் பூட்டு, மறுபடி மிதித்தால் விடுதலை என்ற வகை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு நாங்கள் வண்டியை வெளியே எடுப்பதில்லை. தரைக்கு அருகில் இருப்பதால் பிள்ளைக்கு நம்மைவிடச் சூடு அதிகம் படும். கறுப்புத் துணி, உலோகக் கொக்கி இரண்டும் வெயிலில் நின்றால் தொட முடியாது, உட்கார வைக்குமுன் கைவைத்துப் பாருங்கள். மேல்கூரை நெற்றிக்கு முன்னால் வரை இறங்க வேண்டும், அதில் காற்றுப் போக வலை ஜன்னல் இருந்தால் நல்லது. வெயில் படுகிறதே என்று மேலே துண்டு போட்டு மூடுகிறார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். மெல்லிய துணியானாலும் காற்றோட்டம் நின்று உள்ளே வெப்பம் ஏறிவிடும், பிள்ளையின் முகமும் கண்ணுக்குத் தெரியாது.

சென்னைக்குப் பல்லவன் ரயில்தான் எங்களுக்கு வசதி. விடியற்காலையில் காரைக்குடியில் கிளம்பும்போது பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். பிளாட்பாரம் வரை வண்டி, பெட்டி வாசலில் மடக்கித் தோளில், உள்ளே மேல் ரேக்கில். நடைபாதை குறுகல், விரித்தபடி கொண்டுபோக நினைக்க வேண்டாம். குடை மாதிரி மடியும் நீள வண்டி ரேக்கில் நிற்கும், ஆனால் மற்றவர்கள் பெட்டி வைக்கும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். டவுன் பஸ்ஸுக்கு இரண்டும் சிரமம்தான், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போவதே மேல்.

விமானத்துக்கு எங்களுக்குத் திருச்சி, மதுரை இரண்டுமே ஏறக்குறைய 90 கி.மீ. இங்கே பலர் ஏமாறும் இடம் 'கேபின் சைஸ்' என்ற சொல். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் பொதுவான அளவு 56 × 45 × 25 செ.மீ. அதற்குள் அடங்குவதால் வண்டியின் அட்டைப்பெட்டியில் அப்படி எழுதுகிறார்கள். நம் உள்நாட்டு விமானங்களில் பல அனுமதிப்பது 55 × 35 × 25 செ.மீ., 7 கிலோ. அந்த 35-க்குள் 44 செ.மீ. அகல வண்டி எப்படிப் போகும்? ஆகவே மேலே ஏற்றுவேன் என்ற நம்பிக்கையில் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். கைக்குழந்தையின் ஸ்ட்ரோலரைப் பெரும்பாலான நிறுவனங்கள் கட்டணமில்லாமல் ஏற்றிக்கொள்கின்றன. செக்-இன் கவுண்டரிலேயே டேக் கேட்டு வாங்கிக்கொண்டால் விமானத்தின் வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே கொடுக்கலாம். 2024 ஜூனிலிருந்து இயங்கும் திருச்சிப் புதிய முனையம் பெரியது, உள்ளே நடை அதிகம், வண்டி அங்கே நன்றாகவே உதவுகிறது. பாதுகாப்புச் சோதனையில் பிள்ளையை எடுத்து வண்டியை மடக்கி எக்ஸ்ரேயில் விட வேண்டும். அந்த வரிசையில் நிற்கும்போதுதான் ஒரு கை மடிப்பின் அருமை முழுதாகத் தெரியும்.

ஒருமுறை இறங்கிய இடத்தில் வாசலில் தரவில்லை, பெல்ட்டில் வந்தது, மேல்கூரைக் கம்பி வளைந்திருந்தது. நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே படம் எடுத்து, அங்கேயே புகார் எழுதிக் கொடுங்கள், வெளியே வந்துவிட்டால் கேட்பார் இல்லை. அதற்குப் பிறகு காரைக்குடியில் பை தைக்கும் கடையில் தார்ப்பாய்த் துணியில் ஒரு உறை தைத்துக்கொண்டோம். கடை உறையைவிட உறுதி.

சிங்கப்பூரில் வண்டிக்குச் சிரமமே இல்லை என்று சொல்லுமளவுக்கு எல்லாம் சமதளம், லிஃப்ட் வசதி. 2017 ஏப்ரலிலிருந்து பஸ்ஸிலும் விரித்த ஸ்ட்ரோலரோடு ஏறலாம். அதனால் வெளிநாட்டில் இருப்பவர்கள் புகழ்ந்து எழுதும் வண்டியை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் செம்மண்ணில் தள்ளிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கோயிலுக்கு எடுத்துப் போவதில்லை. பிள்ளையார்பட்டியில் வண்டியைக் காரிலேயே விட்டுவிட்டுப் பிள்ளையை இடுப்பில் எடுத்துக்கொள்வோம், குன்றக்குடி மலைக்குப் படியேற நெஞ்சோடு கட்டும் துணிப்பை. திருமயம் கோட்டைக்கும் அதுவே.

கைப்பிடியில் பை மாட்டும் பழக்கம் எல்லாருக்கும் வந்துவிடுகிறது. சந்தையில் காய்ப்பையை மாட்டி, பிள்ளையைத் தூக்கியதும் வண்டி அப்படியே பின்னால் மல்லாந்துவிடும். பிள்ளை உள்ளே இருந்தாலும் பின்னால் சாய்ந்து உட்காரும் நேரத்தில் ஆபத்துதான். கீழே இருக்கும் கூடையில் பாரத்தை வையுங்கள், கூடை சின்னதென்றால் பையை நாம் சுமப்போம். அத்தைக்கு மூட்டுவலி, மாலையில் பேரனைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது கைப்பிடியில் ஊன்றிக்கொள்ளப் பார்ப்பார். அதற்கும் இந்த எடை தாங்காது, கூட ஒருவர் போகிறோம்.

இவ்வளவு நாளில் துணி ஒரு பக்கம் தையல் விட்டது, தையற்கடையில் சரிசெய்தாயிற்று. ஃபிரேமில் ஆட்டம் இல்லை. மூத்தவள் 15 கிலோவைத் தொட்டதும் ஏற்றுவதை நிறுத்திவிட்டோம். ஸ்ட்ரோலர்களுக்கான ஐரோப்பியத் தரமான இ.என். 1888-இல் 15 கிலோ வரை ஒரு பிரிவு, 22 கிலோ வரை இன்னொரு பிரிவு. எங்களுடையது முதல் பிரிவு. நாலு வயது வரை பயன்படுத்த நினைப்பவர்கள் 22 என்று போட்டிருப்பதைத் தேடுங்கள்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் தவறில்லை, சொந்தக்காரர் வீடுகளில் பரண்மேல் நிறையவே கிடக்கும். விரித்ததும் பூட்டு 'டக்' என்று விழுகிறதா, கைப்பிடியை மேலிருந்து அழுத்தினால் மடியாமல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பெல்ட் கொக்கியைப் பிள்ளை இல்லாமல் மாட்டி இழுத்துப் பாருங்கள், சாதம் பிசுக்கு உள்ளே காய்ந்திருந்தால் பாதிதான் பூட்டும். வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மடிப்பு மூட்டில் விரிசல் இருந்தால் மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.