வீட்டுத் திண்ணையா, லொட்ஜ் அறையா?

கொழும்பிலிருந்து சைக்கிளைப் பெட்டியில் கட்டி விமானத்தில் ஏற்றி, சென்னையிலிருந்து தெற்கே தனியாக ஓட்ட எண்ணுபவருக்கு, இரவுத் தங்கலே முதற்கேள்வி.

சைக்கிள் பயணிகளை இலவசமாகத் தங்கவைப்போரின் வலையமைப்பான வார்ம்ஷவர்ஸ் 1993 முதல் இயங்குகிறது. அத்தகைய வீடுகளில் படுக்கையைவிடப் பயன் தருவது, மறுநாள் எந்தப் பாதையில் லொறி குறைவு, எங்கே நல்ல ரியூப் கிடைக்கும் என்ற உள்ளூர் அறிவு. புதுச்சேரியில் என் தமிழைக் கேட்ட வீட்டு அம்மா, "தம்பிக்குக் கேரளாவா?" என்று விசாரித்தபடியே இட்லியை வாழையிலையில் பொதிந்து தந்தார். ஆனால் சென்னையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீற்றர் ஓட்டிக் களைத்த பின்னும் உட்கார்ந்து கதைக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரவும் வேண்டும்.

லொட்ஜில் அந்தக் கடமைகள் இல்லை. தரைத்தள அறை கேட்டு, சைக்கிளையும் உள்ளே வைத்துக்கொண்டால் போதும்.

கடவுச்சீட்டு விடயம்தான் சிக்கலானது. வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர், லொட்ஜ்காரரோ வீட்டுக்காரரோ, 24 மணித்தியாலத்துக்குள் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பதால் சில லொட்ஜுகள் நம்மை ஏற்பதில்லை. தமிழ் பேசுவதால் உள்ளூரவர் என்று எண்ணி வீட்டார் இதை மறந்துவிடக்கூடும். ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டு என்பதை முதல் தகவலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் மூன்று இரவுக்கு ஒருமுறை வீட்டையும், மற்ற இரவுகளில் லொட்ஜையுமே தெரிவுசெய்வேன்.