நாயோடு ஓட இடுப்பில் கட்டும் கயிறு: மூன்று மாத அனுபவம்

போன வருடம் சிங்கப்பூர் ரயில் காரிடாரில் (பழைய ரயில் தடம், இப்போது நடக்கவும் ஓடவும் உள்ள பாதை) விடியற்காலை ஓடிக்கொண்டிருந்தேன். பாதையின் ஒரு ஓரத்தில் ஒருவர், மறு ஓரத்தில் அவருடைய நாய், நடுவே இழுக்க இழுக்க நீளும் மெல்லிய கயிறு. அரையிருட்டில் அது கண்ணுக்கே தெரியவில்லை, முழங்கால் தேய விழுந்தேன். அதனால்தான் எங்கள் நாய் கருப்பியோடு ஓட ஆரம்பித்தபோது அந்த மாதிரிக் கயிறு வேண்டவே வேண்டாம் என்று, இடுப்பில் கட்டும் இந்தக் கயிற்றை வாங்கினேன்.

பெல்ட் இடுப்பில் இருப்பதால் இரண்டு கையும் சும்மா இருக்கும். கயிற்றில் எலாஸ்டிக் வைத்திருக்கிறார்கள், அவள் அணிலைப் பார்த்துப் பாய்ந்தாலும் முதுகு வெடுக்கென்று இழுபடுவதில்லை. முழுக்க இழுத்தாலும் இரண்டு மீட்டருக்குள்தான். எனக்கு ரொம்பப் பிடித்தது, நாய்க்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது கைப்பிடி; எதிரே யாராவது ஓடி வந்தால் சட்டென்று அதைப் பிடித்து அவளை இடப்பக்கம் ஒட்டி நிறுத்திவிடுவேன். ரயில் காரிடார் 2011-இல் ரயில் நின்றுபோன 24 கிலோமீட்டர் தடம், சில இடங்களில் குறுகல், இந்தக் கைப்பிடி இல்லாமல் எனக்கு முடியாது.

குறை என்றால் பெல்ட்டில் உள்ள பை. தண்ணீர் பாட்டில் வைத்தால் குதிக்கிறது, எடுத்துவிட்டேன்.

அப்புறம், கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள், மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் தனியாக வாங்குங்கள். முதல் வாரம் நடந்தே பழக்குங்கள். முன்னால் போகிறவரைத் தாண்டும்போது "வலப்பக்கம் வருகிறோம்" என்று குரல் கொடுங்கள்.