பிளிங்கெட்டின் 70 நிமிடக் குற்றப்பத்திரிகை: எவ்வளவு நியாயம்?

ஸ்டார் வார்ஸ் ப்ரீக்வல்களை, அதாவது பழைய மூன்று படங்களுக்கு முன்கதையாக ஜார்ஜ் லூகாஸ் எடுத்த மூன்று படங்களைத் திட்டுபவர்கள் இன்றும் எடுத்துவைக்கும் வாதங்களில் பலவற்றை ஒரே இடத்தில் கேட்கலாம். 2009 டிசம்பரில் ரெட் லெட்டர் மீடியா என்ற திரைப்பட விமர்சனக் குழுவின் மைக் ஸ்டோக்லாசா, மிஸ்டர் பிளிங்கெட் என்ற கற்பனைக் கிழவரின் குரலில் யூடியூபில் ஏற்றிய, முதல் ப்ரீக்வலான 'தி பேன்டம் மெனஸ்' பற்றிய விமர்சனம் அது. மொத்தம் 70 நிமிடம். ஒரு வீடியோ 10 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று அப்போது கட்டுப்பாடு இருந்ததால் ஏழு துண்டுகள். காட்சிகள் கட்டப்பட்ட விதத்தைப் பேசும் இடங்களில் இந்த விமர்சனம் அசைக்க முடியாதது. படம் எடுத்தவர்களின் மனதுக்குள் புகுந்து பார்க்க முயலும்போதுதான் சறுக்குகிறது.

எல்லோரும் மேற்கோள் காட்டும் பகுதி, பாத்திரங்களுக்கான சோதனை. தோற்றம், உடை, வேலை, கதையில் வகிக்கும் பங்கு எதையும் சொல்லாமல் ஒரு பாத்திரத்தை வர்ணிக்க வேண்டும். பழைய படங்களின் ஹான் சோலோவுக்குப் பதில் கொட்டுகிறது. 'தி பேன்டம் மெனஸ்' படத்தின் ஜெடை வீரர் குவை-கான் ஜின்னுக்கு வாயடைத்துப் போகிறார்கள். பார்க்கச் சுவையான சோதனை, ஆனால் தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ஹான் சோலோ பழகிப்போக மூன்று படங்கள் இருந்தன, குவை-கானுக்கு ஒன்றுதான். அந்த ஒன்றிலும் அவர் ஜெடை கவுன்சிலை மதிக்காதவர், கடைக்காரன் வாட்டோவிடம் பந்தயம் கட்டும்போது பகடையை ஜெடைகளின் மாயசக்தியால் புரட்டக் கூசாதவர், ஒரு சிறுவனின் உயிரைப் பணயம் வைத்துக் கப்பலுக்குப் பாகம் வாங்குபவர். குணம் இருக்கிறது, அந்தக் குணத்தால் அவருக்கு எந்த விலையும் நேராததுதான் திரைக்கதையின் குறை. ராணி அமிடாலா விஷயத்தில் பிளிங்கெட்டை மறுக்க வழியில்லை. ஒப்பனைக்கும் மாற்றாளுக்கும் பின்னால் பாதிப் படம் ஒளித்துவைக்கப்பட்ட ஒருத்தியிடம் எந்தக் குணத்தைத் தேடுவது?

மொத்த விமர்சனத்தில் தங்கம் என்றால் கிளைமாக்ஸ் பற்றிய பகுதிதான். 1983இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை'யின் முடிவில் மூன்று போர்முனைகள். காட்டில் கேடயக் கருவி வீழ்ந்தால்தான் விண்ணில் கப்பல்கள் உள்ளே நுழைய முடியும். அந்தப் பதற்றம் அப்படியே சக்கரவர்த்தியின் அறைக்குள் நாயகன் லூக்கின் தலையில் இறங்குகிறது. 'தி பேன்டம் மெனஸ்' அதை நான்காக்கியது: புல்வெளியில் குங்கன் இனத்தவர், அரண்மனைக்குள் ராணி, விண்ணில் சிறுவன் அனகின், வில்லன் டார்த் மாலுடன் வாள்சண்டை. இந்த வாள்சண்டையில் யார் வென்றாலும் மற்ற மூன்று முனைகளில் எதுவும் மாறாது. ரோபோ படையை நிறுத்துவது அனகின் கட்டுப்பாட்டுக் கப்பலை வெடிக்க வைப்பது. அதுவும் ஆட்டோபைலட் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தில் நடந்த விபத்து. நகைச்சுவைக்கும் சாவுக்கும் நடுவே வெட்டி வெட்டிப் போகும்போது இரண்டுமே நீர்த்துப்போகின்றன. எந்தக் காட்சி எந்தக் காட்சியைச் சார்ந்திருக்கிறது என்று கோடு போட்டுப் பார்த்தால் யாருக்கும் தெரியும் விஷயம் இது. விமர்சனம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், இப்படிச் சரிபார்க்க முடிகிற குற்றச்சாட்டு நியாயமான குற்றச்சாட்டுதான்.

அடுத்த இரண்டு படங்களின் விமர்சனங்களில் வரும் 'நட, உட்கார், பேசு' கிண்டலும் அதே ரகம். சோபா, ஜன்னல், ஒருவர் முகம், மற்றவர் முகம். உரையாடல்களின் சத்தத்தை அணைத்துவிட்டு ஓடவிட்டால் அலுப்பு இன்னும் துல்லியமாகத் தெரியும். இதைச் சோம்பேறித்தனம் என்று முடித்துவிடுவதில் மட்டும் ஒரு விடுபடல் உண்டு. ஒரு டேக்கில் ஒரு நடிகர், இன்னொரு டேக்கில் மற்றவர் என்று எடுத்து, இருவரையும் ஒரே ஃபிரேமில் ஒட்டுவது லூகாஸின் பழக்கம். கேமரா அசையாமல் நின்றால் அந்த ஒட்டுவேலை சுலபம். தேர்ந்தெடுத்த வேலைமுறையின் விலை அது. விலை அதிகம் என்று சொல்வதில் தவறில்லை.

இனி சறுக்கல். லூகாஸைச் சுற்றித் தலையாட்டிகள்தான் இருந்தார்கள் என்பது பிளிங்கெட்டின் பெரிய வாதம். ஆதாரமாகக் காட்டுவது, படம் உருவான கதையைச் சொல்லும் ஆவணப்படத்தில் ரஃப் கட்டை (முதல்கட்ட எடிட்டிங்கை) பார்த்தபின் இறுகிப்போயிருக்கும் முகங்கள். ஆனால் அதே மேக்கிங் ஆவணப்படத்தில், எடிட்டர்களில் ஒருவரும் ஒலி வடிவமைப்பாளருமான பென் பர்ட், கிளைமாக்ஸில் சோகத்திலிருந்து கேலிக்குத் தாவும் வேகத்தை லூகாஸின் முன்னாலேயே சொல்கிறார். சில இடங்களில் எல்லை மீறியிருக்கலாம் என்று லூகாஸும் ஒத்துக்கொள்கிறார். ஒவ்வொரு துண்டும் அடுத்ததற்கு வழி என்பதால் எதையும் உருவ முடியவில்லை என்பது அவர் தரப்பு. எழுத்தில் கட்டிய முடிச்சை எடிட்டிங் மேஜையில் அவிழ்க்க முடியாமல் போன கதை இது. கூழைக்கும்பிடு போடுகிறவர்களின் கதையைவிட இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பிளிங்கெட் கேலிக்காக அதைத் தாண்டிப் போய்விடுகிறார்.

அவருக்குப் பின்னால் வந்த கூட்டம் இன்னும் மோசம். 'எல்லாமே கம்ப்யூட்டர்' என்ற வரியை மட்டும் பிடித்துக்கொண்டது. முதல் படத்தில் பாட்ரேஸ் என்ற பந்தயம் நடக்கும் அரங்கின் பார்வையாளர்கள் பலர் வண்ணம் பூசிய பஞ்சுக்குச்சிகள். மூன்றாம் படத்தில் வரும் முஸ்தஃபார் கிரகத்தின் எரிமலைக் குழம்பு மினியேச்சர் செட்டில் மெத்தில்செல்லுலோஸ் என்ற கொழகொழப்பான பொருளை ஓடவிட்டு எடுத்தது. கூடவே எட்னா எரிமலையின் நிஜக் காட்சிகளும் உண்டு. முதல் படம் பெரும்பாலும் 35 மி.மீ. ஃபிலிம், முழுக்க டிஜிட்டலுக்கு மாறியது 2002இன் 'அட்டாக் ஆஃப் தி க்ளோன்ஸ்'. அந்தப் படத்தின் க்ளோன் வீரர்கள் மேல் மட்டும் குற்றச்சாட்டு முழுசாகப் பொருந்தும்: அவர்களுக்காக ஒரு கவசம்கூடச் செய்யப்படவில்லை. முதல் படத்தில் ஜெடை குரு யோடா ஒரு பொம்மை. 2011 ப்ளூ-ரேயில்தான் டிஜிட்டலாக மாற்றினார்கள். ஆகவே எந்தப் பதிப்பைப் பார்த்துத் திட்டுகிறார்கள் என்று கேட்பது வீண் கேள்வி ஆகாது.

கொலைகாரக் கிழவர் வேடமும், பெண்ணைக் கடத்தி அடைத்துவைக்கும் நகைச்சுவையும் விமர்சனத்துக்கு எந்த வலுவும் சேர்க்கவில்லை. ஒரு பாத்திரம் எரிச்சலூட்டுகிறது என்பது வேறு, அதில் நடித்தவரை வேட்டையாடுவது வேறு. ஜார் ஜார் பிங்க்ஸாக நடித்த அகமது பெஸ்ட், அந்த எதிர்ப்பில் தற்கொலை எண்ணம் வரை போனதாக 2018இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த வேட்டை பிளிங்கெட்டுக்குப் பத்தாண்டு மூத்தது. அவர்மேல் அதைச் சுமத்த முடியாது. வெளியான நாளிலேயே எல்லோரும் காறித் துப்பினார்கள் என்ற நினைப்பும் சரியில்லை: அமெரிக்க விமர்சகர் ராஜர் ஈபர்ட் முதல் படத்துக்கும் மூன்றாம் படத்துக்கும் நான்குக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார், இரண்டாவதற்கு இரண்டு.

ஆதரவாளர்களும் யோக்கியமாக ஆடுவதில்லை. 2008இல் தொடங்கிய 'தி க்ளோன் வார்ஸ்' அனிமேஷன் தொடர் அனகினுக்குச் சேர்த்துக் கொடுத்த மனிதத்தன்மையைப் படங்களின் கணக்கில் வரவு வைக்கிறார்கள். அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் நினைவிருப்பதாக லூக்கின் சகோதரி லேயா 1983 படத்தில் சொல்கிறாள். 2005இன் 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்'தில் அந்த அம்மா, அதாவது ராணி அமிடாலாவாக இருந்த பத்மே, பிரசவத்திலேயே இறந்துபோகிறாள். எத்தனை சீசன் பார்த்தாலும் அந்த ஓட்டை அடைபடாது.