கிரீட்: எரிபொருளுக்கு ஜாதகம் கணிக்கும் எக்செல்

இலவசமாகக் கிடைக்கும் கிரீட் என்ற எக்செல் கோப்புக்கு விமர்சனம் எதற்கு என்று கேட்கலாம். இதிலிருந்து வரும் எண்ணை வைத்துத்தான் கலிஃபோர்னியாவில் எரிபொருள் ஆலைகளுக்கு கிரெடிட் (கார்பன் குறைவான எரிபொருளுக்குத் தரும் புள்ளி) கணக்கு எழுதப்படுகிறது. நான் அந்த மாநில அரசில், ஆலைகள் அனுப்பும் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பொறியாளர். வேலை நேரத்தில் பாதி கிரீட்டோடுதான் போகிறது. இனி வருவதெல்லாம் என் சொந்தக் கருத்து, அலுவலகத்தை இழுக்காதீர்கள்.

சிகாகோவுக்கு அருகில் இருக்கும் ஆர்கான் தேசிய ஆய்வகம் உருவாக்கியது கிரீட். முதல் பதிப்பு 1996-இல் வந்தது. எரிபொருள் மண்ணிலிருந்து கிளம்பி வண்டியில் எரிந்து முடிகிற வரை விடும் வாயுவையெல்லாம் கூட்டி, ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு இத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று ஒரே எண்ணாகத் தரும். நாங்கள் அதை 'சிஐ' (கார்பன் இன்டென்சிட்டி) என்போம். கலிஃபோர்னியாவின் குறைகார்பன் எரிபொருள் விதி 2011-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கென்று மாநிலம் தனியாகத் திருத்தி வைத்திருக்கும் பதிப்பு சிஏ-கிரீட். அதன் 3.0 பதிப்பில் பெட்ரோலின் சிஐ 100.82. புகைக்குழாயில் வருவது அதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். மீதி, வண்டிக்குள் ஊற்றும் முன்பே காற்றில் கலந்துவிட்டது.

கோப்பைத் திறந்தவுடன், கணக்கு வட்டமடிக்கிறது என்று எக்செல் எச்சரித்தால் பயப்பட வேண்டாம். டீசல் காய்ச்ச மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு நிலக்கரி, நிலக்கரி ஏற்றி வரும் ரயிலுக்கு டீசல். உலகமே அப்படித்தான் ஓடுகிறது, கோப்பு என்ன செய்யும்? அமைப்புகளில் 'இட்டரேட்டிவ் கால்குலேஷன்' பெட்டியை டிக் செய்தால் சரியாகிவிடும். முதலில் வேறு கோப்பு திறந்திருந்தால் எக்செல் அதன் அமைப்பையே பிடித்துக்கொள்ளும். அதனால் கிரீட்டை முதலில் திறப்பது நல்லது.

எனக்குப் பிடித்தது இதன் ஒளிவுமறைவின்மை. உதாரணத்துக்கு, பழைய சமையல் எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுக்கும் ஆலை. முழு ஒப்புதல் வேண்டுமென்றால் 24 மாதக் கணக்கு காட்ட வேண்டும்: கேஸ் பில், மின்சார பில், எடைமேடைச் சீட்டு, லாரி எத்தனை மைல் ஓடியது, மெத்தனால் எவ்வளவு வாங்கினார்கள். எதை மாற்றினால் எண் எவ்வளவு அசைகிறது என்பதைச் செல் செல்லாகப் பின்தொடர்ந்து போகலாம். தன் கணக்கைக் காட்டாமல் விடை மட்டும் துப்பும் மென்பொருளாக இருந்திருந்தால், ஆலைக்காரர் கேட்கும் கேள்விக்கு என்னால் பதில் சொல்லவே முடியாது.

ஆனால் சிஐ முழுவதும் கிரீட் போட்ட கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கச்சா எண்ணெய் எடுக்கும் பகுதிக்கு ஸ்டான்ஃபோர்டில் உருவான வேறொரு மாடல். மக்காச்சோளத்தை எத்தனாலுக்குத் திருப்பினால், உணவுக்காக எங்கோ காடு அழிக்கப்படுமே, அந்த மறைமுக நில மாற்றத்துக்கு பர்டூ பல்கலைக்கழகத்தின் பொருளாதார மாடல். 2009-இல் இந்த நில மாற்றத்துக்காகச் சோள எத்தனாலின் தலையில் 30 கிராமும் கரும்பு எத்தனாலின் தலையில் 46 கிராமும் ஏற்றினார்கள். 2015-இல் திருத்திய கணக்கில் அவை 19.8, 11.8 ஆயின. பிரேசில் கரும்புத் தோட்டம் அதே தோட்டம்தான், மாறியது மாடலும் அதன் தரவும். அமெரிக்க மத்திய அரசு, தூய எரிபொருள் தயாரிப்பவர்களுக்குத் தரும் 45இசட் வரிச்சலுகைக்கென்று தனியாக ஒரு கிரீட் வைத்திருக்கிறது. அந்தச் சலுகையில் இந்த நிலக் கணக்கே 2026-இலிருந்து கிடையாது என்று 2025-இல் சட்டம் போட்டுவிட்டார்கள்.

அடுத்தது சாணம். பால் பண்ணைச் சாணக் குட்டையை மூடி, வரும் வாயுவைப் பிடித்து வண்டிக்குக் கொடுத்தால் சிஐ பூஜ்யத்துக்குக் கீழே போகும். மைனஸ் 300-ஐத் தாண்டியவையும் உண்டு. கணக்கில் தப்பில்லை. மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்கு சூடேற்றும் என்ற எடை, 'பிடிக்காமல் விட்டிருந்தால் வானத்துக்குத்தானே போயிருக்கும்' என்ற அடிப்படை, இரண்டையும் சேர்த்தால் அந்த எண்தான் வரும். அந்த அடிப்படையை வைப்பதா வேண்டாமா என்பது விதி எழுதுகிறவர்களின் முடிவு. பண்ணை செய்த நன்மையைத் தனி வரியில் காட்டலாம், எரிபொருளின் எண்ணுக்குள் கரைக்கக் கூடாது என்பது என் கட்சி. அலுவலகத்தில் இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு, அவர்களும் விஷயம் தெரிந்தவர்கள்தான்.

மின்சாரத்துக்கு 2018 விதியில் சிஐ 93.75, பெட்ரோலுக்குப் பக்கத்தில் என்று பார்த்ததும், "அப்போ கரண்ட் காரால் லாபமே இல்லையா?" என்பார்கள். மின்கார் அதே ஆற்றலில் 3.4 மடங்கு தூரம் ஓடும் என்று விதியே எடுத்துக்கொள்கிறது. வகுத்தால் 28-க்குக் கொஞ்சம் கீழே.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒரு மதிப்பெண் போனது, முதல் முறை திறக்கும் ஆளுக்கு எந்தத் தாளில் தொடங்குவது என்றே தெரியாமல் அடுக்கடுக்காகத் தாள்கள் இருப்பதற்காக. மாணவர்கள் ஆர்கான் தளத்திலிருந்து மூலப் பதிப்பை இறக்கிப் பெட்ரோல், சோள எத்தனால் இரண்டை மட்டும் முதலில் ஓட்டிப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் விண்ணப்பிக்கிற ஆலைக்காரர்களுக்கு அது உதவாது. 2025 ஜூலையில் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி சிஏ-கிரீட் 4.0 வேண்டும். சோள எத்தனால், பயோடீசல் போன்ற வழக்கமான எரிபொருளாக இருந்தால், இந்த விதியை நடத்தும் மாநிலக் காற்றுவள வாரியத்தின் தளத்தில் கிடைக்கும் சுருக்கக் கால்குலேட்டரே போதும்.